பக்கம் தெரியாத வயது

நாற்பதைத் தொட்ட நண்பர்கள் யாராவது என்ன படிக்கலாம் என்று கேட்டால், டேவிட் லாட்ஜ் 1975இல் எழுதிய ‘சேஞ்சிங் பிளேசஸ்’ நாவலைத்தான் கையில் கொடுப்பேன்.

1969ஆம் ஆண்டின் முதல் நாள், வடதுருவத்துக்கு மேலே எதிரெதிர்த் திசையில் இரண்டு விமானங்கள். ஒன்றில் பிலிப் ஸ்வாலோ, மற்றொன்றில் மாரிஸ் ஸாப். இருவரும் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவர்கள்; இருவருக்கும் நாற்பது வயது. ஆறு மாதத்துக்கு ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கப்போகிறார்கள். ஸ்வாலோவின் பல்கலைக்கழகமான இங்கிலாந்தின் ரம்மிட்ஜில் பர்மிங்ஹாமின் சாயல். ஸாப்பின் பல்கலைக்கழகமான அமெரிக்காவின் யுஃபோரிக் ஸ்டேட்டில் பெர்க்லியின் சாயல். லாட்ஜ் பர்மிங்ஹாமில் பாடம் நடத்தியவர், பெர்க்லிக்கும் வருகைப் பேராசிரியராகப் போய்வந்தவர்.

ஸாப் ஐந்து புத்தகங்கள் எழுதிவிட்டார். ஜேன் ஆஸ்டினைப் பற்றி இனி எவரும் ஒரு வரிகூட எழுத மிச்சம் இல்லாதபடி எல்லாவற்றையும் தானே எழுதித் தீர்த்துவிட வேண்டும் என்பது அவர் வெறி. ஸ்வாலோவுக்கு நன்றாக வருவது வினாத்தாள் தயாரிப்பது. ஒருவர் எல்லாம் அடைந்துவிட்டு நிற்கிறார், மற்றவர் எதையும் தொடங்காமல் நிற்கிறார். இரண்டும் ஒரே தேக்கம்தான். இடம் மாறியதும் வாழ்க்கையே புரள்கிறது. ஒரு கட்டத்தில் ஒருவர் மனைவியோடு மற்றவர் வாழ்கிறார்.

இதில் வரும் ஒரு விளையாட்டை என்னால் மறக்க முடிவதில்லை. நீங்கள் படிக்காத, ஆனால் மற்றவர்கள் படித்திருக்கிற நூலின் பெயரைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் படித்திருக்கிறார்களோ அத்தனை புள்ளி. ரிங்பாம் என்கிற பேராசிரியருக்கு முதலில் விளையாட்டே பிடிபடவில்லை. யாரும் கேள்விப்படாத நூல் ஒன்றைச் சொல்கிறார். பிறகு தோற்க மனம் வராமல் ‘ஹாம்லெட்’ என்று கத்திவிடுகிறார். விளையாட்டில் வென்றார், பணி நிரந்தரம் போயிற்று. சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிசைகிறது. படித்தவன் என்கிற பெயரை வைத்தே பிழைக்கும் எவருக்கும் அந்தப் பயம் தெரியும்.

நாவலின் வடிவமும் நிலையாக இல்லை. ஓர் அத்தியாயம் முழுக்கக் கடிதங்கள், இன்னொன்று முழுக்கச் செய்தித்தாள் துணுக்குகளும் துண்டறிக்கைகளும், கடைசி அத்தியாயம் திரைக்கதை. ஸ்வாலோ அனுப்பச் சொல்லும் நாவல் எழுதும் கையேட்டைப் பற்றிப் பேசும்போது அவர் மனைவி ஹிலரி, கடித நாவலின் காலம் போய்விட்டதே என்கிறார். அதை நாம் படிப்பதே கடிதங்களில்தான்.

இதையெல்லாம் வெறும் வித்தை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைசிக் காட்சியில் இரண்டு பேராசிரியர்களும் அவர்கள் மனைவியரும் நியூயார்க் விடுதி அறையில் யார் யாரோடு வாழ்வது என்று பேசுகிறார்கள். நாவலில் பக்கங்கள் குறைவதைப் பார்த்தே முடிவு நெருங்குவது தெரிந்துவிடும், சினிமாவில் அப்படித் தெரியாது என்று ஸ்வாலோ விளக்கிக்கொண்டிருக்கும்போதே காட்சி உறைகிறது. நாவலும் அங்கேயே நிற்கிறது. எந்த முடிவும் இல்லை. நாற்பதுகளில் இருப்பவரின் நிலைமை அதுதானே? பாதி போய்விட்டது என்று தோன்றுகிறது. மீதி எவ்வளவு என்று தெரிவதில்லை. இதைச் சொல்ல வேறு வடிவம் உதவியிருக்காது.

இதன் தொடர்ச்சியாக 1984இல் வந்த ‘ஸ்மால் வேர்ல்ட்’ நாவலில் ஸ்வாலோ ஹிலரியோடுதான் இருக்கிறார். ஸாப்புக்கு மணமுறிவு ஆகிவிட்டது. அதைப் படித்த பிறகும், முதல் நாவலை எடுத்தால் அந்த நால்வரும் எனக்கு இன்னும் எதையும் தீர்மானிக்காதவர்கள்தான்.