மணிபல்லவத்தில் ஒரு வினா

பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகாட்டுவான் துறையை அடைந்து, நயினாதீவுக்குப் படகேறினோம். உடன் வந்தவன் என் மாணாக்கன். மணிமேகலையைப் பாடமாகப் படித்தது முதல், "பௌத்தத்தைக் கற்க விரும்புவோன் எங்கிருந்து தொடங்குவது, ஐயா?" என்று கேட்டு வந்தான். மகன் மதம் மாறிவிடுவானோ என்று அவன் தாயார் அஞ்சினார். பௌத்தம் அயலார் சமயம் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமான கசப்புகளும் இல்லாமலில்லை.

நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் இச்சிறு தீவில் அயலயலே நிற்கின்றன. மணிபல்லவம் இதுவே என்பர் அறிஞர் பலர். நாக வேந்தர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் பொருதபோது புத்தர் தோன்றிப் பிணக்கைத் தீர்த்த கதையை மகாவமிசமும் கூறும், மணிமேகலையும் கூறும்.

அன்று பூரணை. விகாரையில் வெள்ளுடை தரித்த சிங்கள யாத்திரிகர், புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலத்தைப் பாளியில் ஓதினர். கொல்லாமை, களவு செய்யாமை, பிறன்மனை நயவாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்று பொருள் சொன்னேன்.

"இவை திருக்குறளில் உள்ளவையல்லவா?" என்றான்.

"ஆம். முதற்படியில் உனக்குப் புதியது எதுவுமில்லை" என்றேன்.

நண்பகலில் அம்மன் கோயிலின் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் அமர்ந்தோம். அப்பெயரே எனக்கு வாய்ப்பாயிற்று. மணிமேகலை அமுதசுரபியைப் பெறுவது 11ஆம் காதையில். ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்கிறாள், காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்க்கிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். பிற சமயத்தார் கொள்கைகளை வஞ்சி நகரில் பொறுமையோடு கேட்பது 27ஆம் காதையில். பன்னிரு நிதானங்களை அறவண அடிகள் விளக்குவதோ 30ஆம் காதையில், நூலின் இறுதியில்! தானமும் சீலமும் கைவந்த பின்னரே தத்துவம். நம் மாணாக்கரோ கடைசிக் காதையை முதலில் புரட்டி, விளங்கவில்லையென்று நூலை மூடிவிடுகின்றனர். (பரீட்சை வினாக்களும் அவ்வழியே செல்வதால் அவர்களை மட்டும் நோவதற்கில்லை.)

"அந்தப் பன்னிரண்டையும் இப்பொழுதே சொல்லுங்கள், ஐயா" என்றான்.

பந்தி நீண்டிருந்தது, பரிமாறுவோர் சிலரே. அடுத்த வரிசையில் ஒரு கிழவி வெற்றிலையை நோக்கி அமர்ந்திருந்தார். அவன் அதைக் கண்டான். வினாவை அங்கேயே விட்டு, எழுந்து சோற்று வாளியைக் கையிலெடுத்தான்.