கடல் வழிவிடும் நேரம்: அலிபாகில் தனியே ஒரு நாள்



மும்பையிலும் நவி மும்பையிலும் வேலைசெய்து பிழைக்கும் நம்மவர்களில் அநேகர், கடலுக்கு இவ்வளவு அருகில் குடியிருந்தும் வருஷக்கணக்கில் அதில் கால் நனைக்காமலே இருக்கிறார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே அறையெடுத்துத் தங்கியிருக்கும் வாலிபருக்கு ஒரு நாள் விடுமுறை கிடைத்தால், அது துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் கழிந்துபோகிறது. காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பத்தக்க ஒரு கடற்கரை ஊரை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மகாராஷ்டிராவின் ராய்கட் மாவட்டத் தலைநகராகிய அலிபாக் அது. தனியே போகிறவருக்கும் அங்கே ஒரு நாள் நிறைய நடையும் காட்சியும் உண்டு. ஆனால் அந்த நாளின் நேரத்தைக் கடலே குறிக்கிறது என்பதை முதலாவது அறிந்துகொள்ளுங்கள்.

ஓதத்தை அறிந்து புறப்படுங்கள்

அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் கொலாபா கோட்டை நிற்கிறது. (மும்பையின் தென்கோடியிலுள்ள கொலாபா வேறு, இது வேறு.) நீர் வற்றும்போது கரையிலிருந்து மணலிலும் பாறையிலும் நடந்தே கோட்டைக்குப் போகலாம். நீர் ஏறினால் அந்த வழி முழுவதும் கடலாகிவிடும்.

தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடலோரத்தில் வளர்ந்தவர்கள் இங்கே விசேஷமாய் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். நம் தென்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. மும்பைப் பக்கத்துக் கரையிலோ பெரிய ஓத நாட்களில் அது 4 மீட்டரையும் எட்டும். ஊர்க் கடலில் நீந்திப் பழகிய தைரியம் இங்கே உதவாது.

ஓதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகையால் நாளுக்கு நாள் நேரம் சுமார் 50 நிமிடம் பிந்தும். இக்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நண்பகலில் நீர் உயர்ந்து, அதிகாலையிலும் மாலையிலும் வற்றும். அதற்கு நான்கைந்து நாள் கழித்துப் போனால் முற்பகலில் வற்றம் கிடைக்கும். ஒரு நாள் பிரயாணிக்கு அதுவே ஏற்றது. ஆயினும் அந்நாட்களில் வற்றம் சற்றுக் குறைவாயிருப்பதால் வழியில் தண்ணீர் நிற்கக்கூடும். அப்போது குதிரைவண்டியிலாவது படகிலாவது போவது நலம். அன்றைய ஓத நேரத்தை முந்தின இரவே பார்த்துவிட்டு, கரையில் இறங்கியதும் அவ்வூராரிடம் 'ஓஹோட்டி கதீ?' என்று கேளுங்கள். வற்றத்தை மராத்தியில் ஓஹோட்டி என்பார்கள். ஏற்றத்தை பரதி என்பார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தை இந்தப் பிரயாணத்துக்குத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

படகும் கோட்டையும்

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து காலையின் முதல் படகுகளில் ஒன்றில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா துறையில் இறங்கலாம். அங்கிருந்து அலிபாக் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். படகுச் சீட்டோடு பேருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. பாவுச்சா தக்காவிலிருந்து வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் பெரிய கப்பல் 2020 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் பேண், பன்வேல் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் பேருந்தில் சுற்றிவர வேண்டியிருக்கும்.

ஒரு மிசள் பாவ் சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போங்கள். நீர் முழுவதும் வற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் நடக்கத் தொடங்கினால், கோட்டையைப் பார்த்துவிட்டு நீர் திரும்புமுன் கரையேறலாம். பாறைகளில் பாசி வழுக்கும், சிப்பி காலைக் கிழிக்கும். வார் கட்டிய செருப்பு அவசியம்.

இந்தக் கோட்டையைக் கட்டும் வேலை சத்ரபதி சிவாஜியின் காலத்தில் 1680-இல் தொடங்கி, அவர் மகன் சம்பாஜியின் நாளில் முடிந்தது. கடலை நோக்கிய மதிலை உற்றுப் பாருங்கள். பெரிய கற்களைச் சுண்ணாம்புக் காரை பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அலை மோதும்போது கல் இடுக்குகளில் நீர் புகுந்து அதன் வேகம் அடங்குகிறது. சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்திருக்க, உள்ளே நன்னீர் நிலை இருக்கிறது. அவ்வூரார் வழிபடும் கணபதி கோவிலும், சக்கரங்களின்மேல் நிற்கும் இங்கிலாந்துப் பீரங்கிகளும் அங்கே உண்டு.

1713-க்குப் பின் இது மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்ரேயின் கைக்கு வந்தது. 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் ஒன்றுசேர்ந்து தாக்கியும் கொலாபாவைப் பிடிக்க முடியவில்லை. 1729-இல் மரித்த அவருடைய சமாதி அலிபாக் ஊருக்குள் இருக்கிறது. வடக்கே தள் கிராமத்துக்கு எதிரே கடலில் நிற்கும் காந்தேரி கோட்டை, 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராட்டியரின் 12 கோட்டைகளில் ஒன்று. நம்முடைய செஞ்சிக் கோட்டையும் அதே பன்னிரண்டில் அடங்கும்.

கோட்டைக்குள் உங்களோடு பேச ஆளில்லை. 'போதும், திரும்புவோம்' என்று சொல்லவும் ஆளில்லை. தனிப்பிரயாணத்தின் ஆபத்து இதுவே. ஆகையால் திரும்பவேண்டிய நேரத்துக்குக் கைபேசியில் மணி வைத்துவிட்டு மதிலேறுங்கள். மணி அடித்ததும், பார்க்காத மூலை எத்தனை இருந்தாலும், இறங்கிவிடுங்கள்.

இஸ்ரவேல் புத்திரரின் தெரு

கரையேறியபின் ஊருக்குள் நடங்கள். 'இஸ்ராயேல் ஆளி' என்று ஒரு தெரு உண்டு. அங்கே மாகேன் அபோத் என்னும் யூத ஜெப ஆலயம் இருக்கிறது. இப்பகுதியின் யூதர்கள் தங்களை 'பெனே இஸ்ராயேல்' என்கிறார்கள். நம் வேதாகமத்தின் மொழியில் சொன்னால் 'இஸ்ரவேல் புத்திரர்'. முற்காலத்தில் அருகிலுள்ள நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமாகத் தப்பியவர்களின் சந்ததி தாங்கள் என்பது அவர்களுடைய பாரம்பரியம்.

அவர்கள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். மராத்தியைத் தாய்மொழியாக்கிக்கொண்டார்கள். ஆனாலும் விருத்தசேதனத்தையும், உபாகமத்திலுள்ள ஷேமா அறிக்கையையும், ஓய்வுநாளையும் விட்டுவிடவில்லை. சனிக்கிழமைகளில் செக்கு ஓடாததால் ஜனங்கள் அவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்கள். அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பாறை ஒன்றைக் காட்டி, எலியா தீர்க்கதரிசி இங்கே வந்து போனார் என்றும் சொல்வார்கள். 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குப் போய்விட்டார்கள், மீதியானவர் சிலரே.

அந்நிய மொழி பேசும் ஊரில் பிழைக்க வந்தவர்கள் வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்தியதையே அயலார் அவர்களுக்குப் பெயராக வைத்தார்கள். விடுமுறை நாளிலும் கூடுதல் வேலைக்குப் பேர் கொடுக்கும் நம் பிள்ளைகள் அந்தத் தெருவில் கொஞ்சநேரம் நின்றுவரட்டும். சனிக்கிழமையில் அது சுற்றிப்பார்க்கும் இடமல்ல. மற்ற நாட்களிலும் அனுமதி கேட்டே உள்ளே போங்கள்.

பிற்பகலும் திரும்புதலும்

மீன் தாளியும் சோல்கடியும் சாப்பிட்டபின், கடற்கரை அருகே பூகாந்த ஆய்வகத்தை வெளியிலிருந்து பாருங்கள். மும்பையில் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டத் தீர்மானித்தபோது, அந்த மின்சாரம் அங்கிருந்த பூகாந்த அளவுகளைக் கெடுக்கும் என்று கண்டு, 1904-இல் அலிபாகில் கட்டடம் எழுப்பிக் கருவிகளை இங்கே மாற்றினார்கள்.

கால்களில் பெலன் மீதியிருந்தால் வடக்கே 2 கிலோமீட்டரிலுள்ள வர்சோலி கரைக்கு நடக்கலாம். அல்லது ஷேர் ஆட்டோவில் கிஹிமுக்குப் போகலாம். பறவையியலாளர் சாலிம் அலி 1930-ஆம் ஆண்டளவில் தூக்கணாங்குருவியை ஆராய்ந்தது அங்கேதான். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி வைக்கும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்பே மீதியைக் கட்டி முடிக்கும் என்று அவர் கண்டறிந்தார். எந்தக் கரையிலும் தனியே ஆழத்துக்குப் போய் நீந்தவேண்டாம். முழங்கால் அளவு நீர் போதும்.

பிப்ரவரி முதல் மே வரை சாலையோரத்தில் வெள்ளை வெங்காயத்தைப் பின்னல் பின்னலாய்த் தொங்கவிட்டு விற்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஒரு பின்னல் வாங்கிக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாளில் ஊரிலுள்ள தாயாருக்கோ மனைவிக்கோ மூன்று நேரங்களைச் சொல்லுங்கள்: கோட்டைக்கு இறங்கும் நேரம், கரையேறும் நேரம், திரும்பும் படகின் நேரம். கரையேறியதும் ஒருதரம், மாண்ட்வாவில் படகேறியதும் ஒருதரம் அவர்களை அழையுங்கள். நீங்கள் தனியே போனாலும், தூரத்தில் ஒருவர் உங்களுக்காக மணி பார்த்துக்கொண்டிருப்பார்.