மணி அடிப்பவரும் கற்க வேண்டிய பாடம்

பள்ளிக்கூடம் என்றதும் ஆசிரியரும் மாணவரும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் ஒரு குழந்தை காலையில் வேனில் ஏறியது முதல் மாலையில் வீட்டு வாசலில் இறங்கும் வரை எத்தனை பேருடைய பொறுப்பில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. வேன் ஓட்டுநர், வாயிற்காவலர், மணி அடிக்கும் ஊழியர், ஆயா, சத்துணவு சமைக்கும் அம்மையார், அலுவலக எழுத்தர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவர்களுள் ஒருவர் ஒரு நாள் எரிந்து விழுந்தால், மற்றப் பிள்ளைகள் மாலைக்குள் அதை மறந்துவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அந்த ஒரு நிகழ்ச்சியே பள்ளியின் கதவை மூடிவிடக் கூடும். அவ்வாறு மூடப்பட இருந்த ஒரு கதவைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் பள்ளி விவகாரங்களில் தலையிடும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. அருகிலுள்ள தொடக்கப் பள்ளி ஒன்றின் தாளாளரான அருட்தந்தை, ஒரு நாள் மாலை நம்மை அழைத்து ஒரு மனுவைக் காட்டினார். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட வேண்டும் என்று பெற்றோர் 22 பேர் அதில் கையொப்பமிட்டிருந்தனர். அச்சிறுவன் மணி அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவான். வரிசையில் நிற்க மாட்டான். அவ்வாறு புகுந்தவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்த ஆயாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். காயம் ஆழமானதுதான், அந்த அம்மையாருக்கு ஊசி போட வேண்டியிருந்தது. மனுவில் ஒப்பமிட்டவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லமாட்டோம். தம் பிள்ளையும் கடிபடுமோ என்று அஞ்சியவர்கள் அவர்கள்.

சிறுவனின் தாய் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும் எண்ணத்துடனேயே வந்திருந்தார். அது அவர் வாங்கவிருந்த மூன்றாவது சான்றிதழ். “அடுத்து எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறதுன்னு நீங்களே சொல்லிடுங்க சாமி” என்றாராம். அழவில்லை என்று தாளாளர் நம்மிடம் கூறினார். அழுதிருந்தால் அவருக்கு ஆறுதல் சொல்வது எளிதாக இருந்திருக்கும் போலும்.

தாளாளர் சான்றிதழ் எழுதவில்லை. இப்பிள்ளைக்கு என்ன என்பதை இங்கு வேலை செய்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ளட்டும், பிறகு முடிவு செய்வோம் என்று கூறி, இரண்டு சனிக்கிழமைகளில் பணியாளர் அனைவருக்கும் பயிற்சி நடத்த ஏற்பாடு செய்யுமாறு நம்மைப் பணித்தார். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியை ஒருவர் மனமுவந்து வர இசைந்தார். ‘அனைவருக்கும்’ என்ற சொல்லை அந்த அம்மையார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆசிரியர்கள் எட்டுப் பேரும் ஏனைய பணியாளர் ஆறு பேரும் ஒரே அறையில் அமர வேண்டும் என்றார். ஆயாவும் காவலரும் பின்வாசல் அருகே நின்றுகொண்டிருந்தனர். நாற்காலி கொண்டுவந்து போட்ட பிறகே பயிற்சி தொடங்கியது.

சட்டமும் இதையே கூறுகிறது. 1995 ஆம் ஆண்டின் சட்டத்தில் ஆட்டிசம் ஒரு குறைபாடாகக் குறிப்பிடப்படவில்லை. 1999 இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. பின்னர் 2016 இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. இத்தகைய பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வழி செய்யவேண்டும் என்று அச்சட்டத்தின் 16 ஆம் பிரிவு கூற, 17 ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு மட்டுமன்றி ஏனைய பணியாளர்களுக்கும் பயிற்சி அளிக்கும் கடமையைக் குறிப்பிடுகிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது ஊர்ப் பள்ளியின் வராந்தாவுக்கு வந்து சேரச் சற்றுக் காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை காலையிலேயே ஓர் ஆசிரியர் எழுந்து, தாய் வேலைக்குப் போவதால் கவனிப்பாரின்றி வளர்ந்த பிள்ளை இது என்றார். சிலர் தலையசைத்தனர். சிறப்பாசிரியை சினம் கொள்ளவில்லை. இதே குற்றச்சாட்டைப் படித்த மேதைகளே ஒரு காலத்தில் சுமத்தினார்கள் என்று கூறி, பழைய வரலாற்றை விளக்கினார். 1943 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைக் கண்டு எழுதிய கட்டுரையில் ஆட்டிசத்தை விவரித்தார். அதன் பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவி, எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலறிஞருமான பெர்னார்ட் ரிம்லண்டு, 1964 இல் ஒரு நூல் எழுதி அக்கருத்தை மறுத்தார். மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு இது என்பதும், மரபுவழிக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதும் இன்று தெளிவு. கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் மறுபேச்சு பேசாமல் அமர்ந்துவிட்டார்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்ற தொடர் வழக்கில் இருக்கிறது. நமக்கு அது உவப்பானதன்று. இப்பிள்ளைகளுள் பலருக்குப் புற உலகம் எட்டாமல் இருப்பதன்று இடர். அளவுக்கு மிஞ்சி உள்ளே வந்து மோதுவதே இடர். மின்விசிறியின் கிறீச்சொலி, சட்டைக் கழுத்துப் பட்டையின் உறுத்தல், சமையற்கூடத்துத் தாளிப்பு வாடை ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில், ஒரே உரப்பில் வந்து சேருமானால் யாருக்குத்தான் பாடத்தில் மனம் பதியும்? தண்டவாளத் துண்டில் இரும்பால் அடித்து எழுப்பும் நம் பள்ளி மணியை அறையின் வாசலிலேயே வைத்து எதிர்பாராமல் ஒருமுறை அடிக்கச் செய்தார் சிறப்பாசிரியை. வளர்ந்தவர்களாகிய நாமே திடுக்கிட்டோம்.

அடுத்து, ஆயாவை எழுந்து பேசச் சொன்னார். கடிப்பதற்கு முன்பு என்ன நடந்தது, கடித்தபோது என்ன நடந்தது, அதன் பின் என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள், பிடிவாதம், திமிர் என்ற சொற்கள் வேண்டாம் என்றார். கடிபட்ட நாளிலிருந்து அன்றுவரை அந்த அம்மையாரிடம் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. மணி இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது, பிள்ளை மேசைக்கடியில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான், தாம் பின்புறமிருந்து கையைப் பற்றி இழுத்தார் என்று அவர் சொல்லி முடித்தார். காரணம் அந்த மூன்று செய்திகளுக்குள்ளேயே இருந்தது. யாரும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம்மை மிகவும் ஈர்த்தது மொழியைப் பற்றிய பகுதி. “உன் பேர் என்ன?” என்று கேட்டால் அப்பிள்ளை “உன் பேர் என்ன?” என்று திருப்பிச் சொல்வான். ஏளனம் செய்கிறான் என்று அதற்காக அவன் பலமுறை முட்டிபோட்டிருக்கிறான். கேட்ட சொற்றொடரை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுள் பலரிடம் காணப்படுவது. மொழியைப் பிடித்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி அது. தமிழில் இதனால் மற்றொரு வம்பும் நேர்கிறது. ஆசிரியர் அவனை ‘நீ’ என்கிறார். அவனும் ஆசிரியரை ‘நீ’ என்கிறான். மரியாதை தெரியாதவன் என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது! நம் பேச்சு வழக்குகளையும் அவன் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வான். “கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளே வந்துடணும்” என்றால், கண்ணை மூடித் திறந்துவிட்டு அதே இடத்தில் நிற்பான். ஆகவே ஒரு சமயத்தில் ஒரே கட்டளை, சுருக்கமான வாக்கியம், கேட்ட பின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருத்தல், முகத்தைப் பார்த்துத்தான் பேசவேண்டும் என்று வற்புறுத்தாமை ஆகியவற்றை எல்லாரும் பழகினார்கள். பத்து வரை எண்ணுவது நம் ஆசிரியர்களுக்குப் பெருந்தவமாக இருந்தது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1972 முதல் எரிக் ஷாப்ளர் என்பவரின் முயற்சியால் பரவிய ஒரு முறையையும் காட்டினார்கள். அன்றைய நாளில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசைப்படுத்திப் பிள்ளையின் கண்முன் வைப்பது அது. நாட்காட்டி அட்டைகளின் பின்புறத்தில் வகுப்பாசிரியை அவற்றை வரைந்தார். செலவு ஒன்றுமில்லை. மணி அடிக்கும் ஊழியர் தாமே ஒரு வழி கண்டார். அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னதாக மூன்றாம் வகுப்பின் ஜன்னலருகே சென்று கையை உயர்த்திக் காட்டுவார். சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு ஆயத்தமாக இருப்பான். எண்களில் வல்லவனான அவன், மணி இரண்டு நிமிடம் தாமதம் என்று ஒரு நாள் அவருக்கே எடுத்துச் சொன்னான்.

காவலரிடமிருந்துதான் ஒருவரும் அறியாத செய்தி வெளிவந்தது. அச்சிறுவன் அடிக்கடி வாயிற்கதவுக்கு ஓடிவருவது தப்பிப்பதற்காக அன்று, சாலையில் போகும் வண்டிகளின் எண்களைப் படிக்கவே என்றார் அவர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியேறிவிடுவதும், நீர்நிலைகளால் ஈர்க்கப்பட்டு ஆபத்துக்குள்ளாவதும் உலகெங்கும் நேர்வன. அப்பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. கத்திக்கொண்டு துரத்தாமல் முன்னே சென்று நிற்கவும், ஐந்து வண்டி எண்களைப் படித்ததும் வகுப்புக்குத் திரும்பவேண்டும் என்று உடன்பாடு செய்யவும் காவலர் கற்றுக்கொண்டார். பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் வந்தது.

பயிற்சி மருத்துவமாகாது. இப்பிள்ளைக்கு ஆட்டிசம் என்று அறிவிக்கும் அதிகாரம் இரண்டு சனிக்கிழமைகளால் யாருக்கும் வந்துவிடாது. ஐயம் தோன்றினால் பெற்றோரை உரிய இடத்துக்கு அனுப்புவதே முறை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனம் போன்ற இடங்கள் இதற்கென்றே உள்ளன. முற்றிலும் குணப்படுத்துவோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகவேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். அமைதியாக மூலையில் அமர்ந்திருப்பதாலேயே பெண்பிள்ளைகளிடம் இது கண்டறியப்படாமல் போகிறது என்பதையும் மறக்கலாகாது.

மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெற்றோர் கூட்டத்தில் ஆயாவே எழுந்து, தமக்கு நேர்ந்ததைத் தாமே விளக்கினார். பலர் ஒப்பத்தைத் திரும்பப் பெற்றனர். மூன்று குடும்பத்தார் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டனர். அவ்வாண்டு சிறுவன் இன்னும் ஒரு முறை கடித்தான். கடித்தது தன் கையையே. சத்துணவில் இன்றும் வெறும் சோறு மட்டுமே உண்கிறான். ஆனால் நான்காம் வகுப்பில் இருக்கிறான்.

நம் பள்ளிகளில் ஜூன் மாதம் வந்தால் இடமாற்றமும் வந்துவிடும். அவனுடைய வகுப்பாசிரியை வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். அவர் கற்றதெல்லாம் அவரோடு போய்விட இருந்தது. எனவே சிறுவனைப் பற்றி ஒரே தாளில் குறிப்பு எழுதி, தாயின் சம்மதத்துடன், புதிய ஆசிரியைக்கும் சமையற்கூடத்துக்கும் வேனுக்கும் ஒவ்வொரு படி தரப்பட்டது. பள்ளி திறந்த முதல் சனிக்கிழமையன்று மறுபடியும் பயிற்சி நடந்தது. வேன் ஓட்டுநர் புதியவர். கையை எவ்வளவு உயரத்தில் தூக்கவேண்டும், எத்தனை நொடி வைத்திருக்கவேண்டும் என்று மணி அடிக்கும் ஊழியர் அவருக்கு எழுந்து நின்று காட்டிக்கொண்டிருந்தார். ஆரன் அடிப்பதற்கு முன்னும் அவ்வாறே செய்யலாமா என்று ஓட்டுநர் கேட்டார்.