வீரனும் விதியும்

“நாய் வளர்ப்பதற்குக்கூடச் சட்டமா?” என்று பரிகாசம் செய்தவர்களில் அடியேனும் ஒருவன்.

எங்கள் வீட்டு வீரன் அசல் ராஜபாளையம் ஜாதி. அந்த ஜாதிக்கு 2005-ம் ஆண்டில் தபால் இலாகா தபால்தலையே வெளியிட்டது. ஆயினும் சிவகாசியில் வாழும் வீரனுக்கு வெடியென்றால் குலை நடுக்கம். சென்ற தீபாவளி இரவு வாசலில் ஒரு லக்ஷ்மி வெடி முழங்கிற்று. மிரண்ட வீரன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, தடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுவனின் கையைக் கடித்துவிட்டது.

காயத்தைச் சோப்பிட்டுக் கழுவினோம். சிறுவனின் தாயார் கோபிக்கவில்லை. “ஸார், நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டாள். மாணாக்கர்களுக்கு ஒழுங்கு போதிக்கும் நான் வாயடைத்து நின்றேன். வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவது சொந்தக்காரன் பொறுப்பு என்கின்றன மத்திய சர்க்காரின் 2023-ம் ஆண்டு விதிகள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மருந்தில்லை என்பதும் நான் அறியாததன்று.

வீரனைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்தோம். தெய்வாதீனமாக அதற்கு நோயில்லை. ஒரு மாதத்தில் நான்கு முறை சிறுவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். பின்பு வீரனுக்கும் ஊசி போடுவித்தேன். உடன் வந்த சிறுவன்தான் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த தீபாவளிக்கு வீரன் உள்ளறையில் இருக்கும்; அதன் ஊசிச் சீட்டு என் சட்டைப்பையில் இருக்கும்.