திறப்பு கைக்கு வருமுன் இன்னொரு நடை

ரொறொன்ரோவில் விலை பேசிக் கையெழுத்தும் வைத்த தமிழ்க் குடும்பம், வாங்கப்போகும் வீட்டுக்குத் திரும்பவும் போகிற நாள் பெண் பார்க்கும் படலத்துக்குக் குறைந்ததல்ல. மாமா மாமி வருவார்கள். ஏஜாக்ஸில் ஏற்கெனவே வீடு வைத்திருக்கும் சித்தப்பா கட்டாயம் வருவார். சோபாவுக்கு இடம் அளப்பார்கள், சாமியறை எந்த மூலை என்று தர்க்கம் நடக்கும், குசினி கிழக்குப் பார்க்கவில்லையே என்று ஒரு குரல் எழும். பேஸ்மென்டுக்குள் இறங்கி ஃபர்னஸைப் பார்த்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்த நடை விற்பவர் காட்டும் பெருந்தன்மை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் பழைய வீடு கைமாறும்போது பெரும்பாலும் பயன்படுவது மாகாண ரியல் எஸ்டேட் சங்கத்தின் 100ஆம் இலக்கப் படிவம். அதன் அச்சடித்த பகுதி, வீட்டைச் சோதித்துப் பார்க்கத் தனக்கு வாய்ப்புக் கிடைத்ததாக வாங்குபவரை ஒப்புக்கொள்ள வைக்கிறது. மறுபடி வந்து பார்க்கும் உரிமை வேண்டுமென்றால் பின்னிணைப்பில் தனியாக எழுதவேண்டும்: எத்தனை தடவை, இரு தரப்புக்கும் ஒத்துவரும் நேரம், எழுத்தில் முன்னறிவிப்பு. ஒரே வீட்டுக்குப் பத்துப் பேர் விலை போடும் காலங்களில், நிபந்தனை குறைந்த விண்ணப்பமே வெல்லும் என்ற அவசரத்தில் இந்த வரியும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடுகிறது. அநியாயமான வெட்டு. வீட்டுச் சோதனை நிபந்தனையைப்போல இது பேரத்தை முறிக்கும் வழி அல்ல, விற்பவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவும் இல்லை.

இரண்டு தடவை கேட்டு வாங்குவது நல்லது. முதலாவதைச் சொந்தபந்தங்களுக்கும் அளவு நாடாவுக்கும் கொடுத்துவிடலாம். இரண்டாவதைக் குளோசிங்குக்கு முதல் நாள்வரை, முடிந்தால் விற்பவர் சாமான் ஏற்றிப் போகும்வரை, பொத்தி வைக்கவேண்டும். அலுமாரி நின்ற இடத்தில் ஈரக்கறை தெரிவதும், கம்பளத்தின் அடியில் பலகை உப்பியிருப்பதும், சுவரில் மாட்டிய டிவியைக் கழற்றிய இடத்தில் ஓட்டை வாய் பிளப்பதும் வெறும் வீட்டில்தான். ஃபிரிட்ஜ், அடுப்பு, வாஷர், ட்ரையர் நான்கும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் வாங்குபவருக்குச் சேரும். கூரையோடு பொருத்திய சாண்டிலியர், விலக்கி எழுதாதவரை வீட்டோடு வரும். பளபளத்த ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் அரதப் பழசு ஒன்று நின்றால், முதல் நடையில் எடுத்த படமும் ஒப்பந்தத்தில் எழுதிய மாடல் இலக்கமும் கைகொடுக்கும்.

மாரியில் வாங்குபவர்களுக்குக் கஷ்டம் கூட. கூரை பனிக்குள் கிடக்கும். அந்தக் குளிரில் ஏசியை ஓடவிட்டால் அதன் கம்பிரசரே பழுதாகலாம் என்பதால் அதையும் சோதிக்க முடியாது. ஃபர்னஸைப் பார்க்க மட்டும் பருவம் பார்க்கத் தேவையில்லை. வெப்பமானியை இரண்டு பாகை கூட்டிவிட்டுச் சூடான காற்று வருகிறதா என்று நின்று பார்த்தால் போதும். பக்கத்தில் நிற்கும் சுடுநீர்த் தாங்கி வாடகையா சொந்தமா என்பதையும் அப்போதே ஒப்பந்தத்தோடு ஒப்பிடவேண்டும். ஒன்ராறியோவில் அது பெரும்பாலும் வாடகைதான்.

பழுது கண்ணில் பட்டால் வாசலில் நின்று முகவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. படம் எடுத்து, பணம் கைமாறுமுன் லோயருக்கு அனுப்பவேண்டும். அவர் விலையில் கழிவு கேட்பார், அல்லது ஒரு தொகையை நிறுத்திவைக்கச் சொல்வார். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் விற்பவர் அதற்குச் சம்மதித்தே ஆகவேண்டும் என்றில்லை. ஒரு வாஷருக்காக வீட்டை வாங்க மறுத்தால் வைப்புப்பணமே போய்விடலாம். தீயோ வெள்ளமோ வந்து வீடு பெருஞ்சேதம் அடைந்தால் கதை வேறு. அந்த 100ஆம் படிவமே அப்போது விலகிப் பணத்தைத் திரும்பப் பெறவும், காப்புறுதிப் பணத்தோடு வீட்டை எடுக்கவும் வாங்குபவருக்கு வழி விடுகிறது.

உரிமை கைமாறும்வரை வீட்டுக்கு வரும் ஆபத்து விற்பவரின் தலையில் என்பதும் அதே படிவத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் 'நாள் நல்லது, அந்த நடையிலேயே பாலையும் காய்ச்சிவிடலாமே' என்று அம்மம்மா கேட்டால் லோயர் தலையாட்டமாட்டார். பார்க்கும் உரிமைக்குள் அடுப்பு மூட்டுவது அடங்காது. குளோசிங் அன்றும் காணிப் பதிவு முடிந்த பிறகே திறப்பு கிடைக்கும், அதற்குள் மத்தியானம் திரும்பிவிடுவது வழக்கம். காலை முகூர்த்தம்தான் வேண்டும் என்பவர்கள் இன்னொரு நாள் பார்க்கவேண்டியதுதான்.