கண்ணுக்கு எத்தனை தூரிகை?

கண்ணுக்கு மை தீட்டுவதைத் தமிழ் 'எழுதுதல்' என்றே சொல்லி வந்திருக்கிறது. 1285ஆம் குறளின் தலைவி, மை எழுதும்போது கண் அந்தக் கோலைக் காணாததுபோல், கணவன் எதிரில் வந்ததும் அவன் குறையைத் தான் காண்பதில்லை என்கிறாள். நற்றிணையின் 118ஆம் பாடலோ பாதிரிப் பூவை, ஓவியர் அரக்கு தோய்த்த துகிலிகைக்கு ஒப்பிடுகிறது. 'கோல்' என்ற பெயர் கருவியின் காம்பைக் காட்டுகிறது. பாதிரிப் பூவின் உவமை அதன் நுனியைக் காட்டுகிறது. இன்று வழங்கும் 'தூரிகை', வடமொழியின் 'தூலிகா'வழி வந்தது. 'தூல' என்றால் பஞ்சு. கன்னடத்தில் தூரிகைக்குக் 'குஞ்ச' என்று பெயர். தமிழர்க்குக் குஞ்சம் என்பது சடை நுனியில் தொங்குவது. இச்சொற்கள் மூன்றும் நுனியின் மென்மையையே கருதுகின்றன.

சந்தையின் பார்வையோ காம்பின் மேல் இருக்கிறது. பொன்னிறக் காம்பு, தோலுறை, 24 தூரிகைகள் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கும். முடியைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பொம்மசந்திராவின் தொழிற்சாலை ஒன்றுக்கு நாள்தோறும் வேலைக்கு வரும் பெண் ஒருத்தி, முகூர்த்த நாள்களில் மணப்பெண் அலங்காரமும் செய்கிறாள். ஷிப்டு வேலையில் மிச்சம் பிடித்த பணத்தில் அவள் வாங்கிய முதல் பெட்டியும் அத்தகையதே. ஓராண்டுக்குப் பின் எண்ணிப் பார்த்தால், ஐஷேடோவுக்கு அவள் கை தேடிச் சென்றவை நான்கு மட்டுமே.

முதலாவது, தட்டையாகவும் அடர்த்தியாகவும் குட்டையாகவும் முடி அமைந்தது. அடர்ந்த முடி பொடியைச் சிதறவிடாது. இமையின் மேல் ஒற்றி வைத்தால் நிறம் அழுத்தமாகப் படியும். இரண்டாவது, நீண்டு தளர்ந்த முடியுடைய கூம்பு வடிவத் தூரிகை. இது இமை மடிப்பில் இரு நிறங்களின் எல்லையைக் கரைக்கிறது. காம்பின் கடைசியைப் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். மூன்றாவது, பென்சில் முனைபோல் குவிந்தது; கடைக்கண்ணுக்கும் கீழிமைக்கும் உரியது. நான்காவது, சாய்வாக வெட்டிய மெல்லிய தூரிகை. இமைமயிரின் ஓரமாகக் கோடு இழுப்பதற்கு. தலை எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதற்கு அவரவர் இமையே அளவுகோல். மடிப்பு மூடிய சிறிய இமையில் பருத்த தூரிகையை ஓட்டினால் நிறம் புருவம் வரை ஏறிவிடும்.

முடியின் தேர்வில் மொழியும் குறுக்கிடுகிறது. 'ஒட்டக முடி' என்று விற்கப்படும் தூரிகையில் ஒட்டகத்தின் முடி இருப்பதில்லை. அணில், ஆடு, குதிரை ஆகியவற்றின் முடிக்கு அது வணிகப் பெயர். ஓவியத் தூரிகைகளுக்காகக் கீரிகள் கொல்லப்பட்டதும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அம்முடி வணிகம் குற்றமாக இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. விலங்கு முடியின் மேற்புறத்தில் நுண்செதில்கள் உண்டு. அவை பொடியைப் பற்றிக்கொள்ளும். செயற்கை இழை வழவழப்பானது. களிம்பு வகை வண்ணத்தை உறிஞ்சாது, விரைவில் உலரும். இன்று நெளிவு கொடுத்துச் செய்யப்படும் இழைகள் பொடியையும் நன்றாகவே ஏந்துகின்றன. ஆகவே, எந்த விலங்கின் முடி என்று தெளிவாகச் சொல்லாத பெட்டியை விட, நல்ல செயற்கை இழை மேல்.

ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள குமனோ, எழுத்துக்கலைத் தூரிகைகளால் பெயர் பெற்ற ஊர். அதே கைத்திறன் பின்னாளில் ஒப்பனைத் தூரிகைகளுக்கும் வந்தது. 2011இல் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற ஜப்பானிய அணிக்கு அரசு அளித்த பரிசு குமனோவின் ஒப்பனைத் தூரிகைகள். எழுதுவதற்கும் கண்ணெழுதுவதற்கும் ஒரே வினையை வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்க வேண்டியதில்லை.

பிறர் கண்ணில் எழுதுபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 'மெட்ராஸ் ஐ' என்று தமிழகம் அழைக்கும் கண்நோய், ஒருவர் கண்ணைத் தொட்ட தூரிகை வழியே அடுத்தவர் கண்ணுக்குப் போகும். பெரும்பாலும் அதற்குக் காரணமான அடினோவைரஸ் எளிதில் சாகாதது. ஆல்கஹாலில் ஒரு முறை துடைத்ததை நம்பி அடுத்த கண்ணைத் தொட முடியாது. மணப்பெண்ணின் தங்கைக்குக் கண் சிவந்திருந்த ஒரு விடியலில், அவள் கண்ணுக்கு மட்டும் தூரிகை வைக்க முடியாது என்று அந்தப் பெண் மறுத்தாள். கூலி குறைந்தது; அந்த வீட்டிலிருந்து வர வேண்டிய அடுத்த அழைப்பும் வரவில்லை.

தூரிகையை மென்மையான சோப்புநீரில் நுனியை மட்டும் நனைத்துக் கழுவ வேண்டும். உலோகப் பூணுக்குள் நீர் புகுந்தால் பசை இளகி முடி உதிரும். நிமிர்த்தி வைத்து உலர்த்தினாலும் நீர் பூணுக்குள்தான் இறங்கும்; படுக்க வைத்தே உலர்த்த வேண்டும். ஓரிரவு காத்திருந்தால்தான் முழுதாகக் காயும். முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும் மாதத்தில் அந்த ஓரிரவு கிடைப்பதில்லை. அதனால் இம்முறை அவள் புதிய பெட்டி எதையும் பார்க்கவில்லை. அதே நான்கு தூரிகைகளில் இன்னும் மூன்று தொகுதிகள் வாங்கினாள்.