ஓட்டைக் காலணா: சில குறிப்புகள்

1943. இரண்டாம் உலகப் போர். செம்புத் தட்டுப்பாடு. காலணாவின் நடுவில் ஓட்டை விழுந்தது.

முந்தைய காலணா ஏறக்குறைய 5 கிராம். இது 2. மிச்சம் போருக்கு.

 

பம்பாயும் கல்கத்தாவும் போதவில்லை. லாகூரில் புது நாணயச் சாலை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் அடித்தார்கள்.

லாகூர்க் காசில் பொடியாக ஓர் 'எல்'. லென்ஸ் வேண்டும்.

 

இங்கே சென்னைத் தங்கசாலையில் 1869-லேயே காசடிப்பு நின்றுவிட்டது. பெயர் மட்டும் தெருவுக்கு.

 

ஓட்டைக் காசு வந்த அதே 1943, அக்டோபர். சென்னைத் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு.

 

ராயபுரம். படகு வேலை நடக்கும் இடம். பழைய பலகையில் போல்ட்டுக்கு அடியில் வாஷராக ஓட்டைக் காலணா. கிரீடம் தெரிகிறது. ஆண்டைக் களிம்பு மூடிவிட்டது.

 

குழந்தையின் அரைஞாணில் கோத்த காசு ஒன்று. ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

 

வெள்ளி ரூபாய். முன்பு நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-இல் 50. செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5.

எடை மட்டும் அதே 11.66 கிராம்.

ஜனங்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள். அதே ஆண்டு ஒரு ரூபாய்த் தாள் வந்தது.

 

1939 என்று பொறித்த ரூபாய். எல்லோரும் தேடுவது அதைத்தான். போலியும் அதில்தான் அதிகம்.

 

போரின்போது அமெரிக்கா இந்தியாவுக்குக் கடனாகத் தந்த வெள்ளி சுமார் 22 கோடி அவுன்ஸ். 1957-இல் திருப்பிக் கொடுத்தாயிற்று. பாதி வெள்ளி ரூபாய்களை உருக்கிப் பிரித்ததும் அதில் சேர்த்தி.

 

எண்ணூர், பர்மா நகர். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் இடம்.

போரில் ஜப்பான்காரன் பர்மாவில் புழக்கத்தில் விட்ட ரூபாய்த் தாள். 1945-இல் வெறும் காகிதம்.

1964-இல் பர்மா அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது.

ஒரே ஆயுளில் இரண்டு தடவை கையிலிருந்த பணம் செல்லாமல் போனது.

ஜப்பான் தாள் இன்றும் நாணயக் கடையில் மலிவு. அவ்வளவு அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

 

திருவொற்றியூர் காயலான் கடை. பித்தளைச் சாமானுக்கு நடுவே போர்க்கால அணாக்கள். நெளிந்த விளிம்பு ஓரணா, சதுர இரண்டணா. நிக்கல் குறைந்த காலத்துச் சரக்கு. தராசில் எல்லாம் பித்தளை விலை.

 

பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று போன் வரும். முதலில் கமிஷன் கட்டச் சொல்வார்கள். கட்டாதீர்கள். இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது.

 

ஓட்டைக் காலணா பெரும்பாலும் சில பத்து ரூபாய் போகும்.

அதைக் கேட்டதும் ஒரு பெரியவரின் முகம் வாடியது. தாங்கவில்லை எனக்கு.

 

புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் விலை போய்விடும். களிம்பு இருக்கட்டும்.

 

யார் வீட்டுக் காசு, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் இடுப்பில் கிடந்தது. ஒரு சீட்டில் எழுதிக் காசோடு உறையில் போட்டு வையுங்கள். விலைப்பட்டியலில் இதற்கென்று பத்தி கிடையாது. இருந்தாலும் எழுதுங்கள்.